தொடர்கதைக்கு ஒரு குலவை

வாரப் பத்திரிகைகளை வீட்டுக்கு வீடு வாடகைக்குக் கொடுக்கிறவன், தொடர்கதை எழுதியவர் வாங்க வேண்டிய வசவை எல்லாம் தான் வாங்கிக்கொள்ள வேண்டும். அறுபதுகளில் பம்பாய் மாட்டுங்காவில் சைக்கிளில் இரண்டையும் சுமந்தவன் நான். இந்தத் தொழில் பார்த்தவர்களுக்கு என் பாடு புரியும்.

மாமியின் தீர்ப்பு

புது இதழ் முதலில் மாட்டுங்கா மாடிவீடுகளுக்குப் போகும். சில நாள் கழித்து அதே பிரதி பாதி வாடகையில் தொழிலாளர் குடியிருப்பான லேபர் கேம்ப்புக்கு. முதல் வாசிப்பு எப்போதும் கமலம் மாமிக்குத்தான். அந்த வாரம் கதாநாயகி மாலினியை, நகைக்கு ஆசைப்பட்டு, கட்டின புருஷனே மலையுச்சியிலிருந்து தள்ளிவிட்டான். இங்கிலீஷ் நாவலாகப் படித்துத் தள்ளிய மாமி அசரவே இல்லை.

“எல்லாம் இங்கிலீஷ்லேர்ந்து அடிச்சதுடா! இனிமே போலீஸ் வந்து துப்பறியும், வேறென்ன?”

வில்லை இறக்கக் கூடாது

லேபர் கேம்ப்பில் செல்லத்தாய் அக்கா வாசிக்க, அக்கம்பக்கத்துத் திருநெல்வேலிப் பெண்களெல்லாம் உட்கார்ந்து கேட்பார்கள். மாலினி விழுந்த இடத்தைக் கேட்டதிலிருந்து, அக்காவின் கொழுந்தன் பெண்டாட்டி, மாசமாக இருந்த வள்ளிக்குச் சோறு இறங்கவில்லையாம். “கதைதானே அக்கா” என்றேன். அக்கா சீறிவிட்டாள்.

“இது எங்க ஊரு இசக்கியம்மன் கதைல்லா தம்பி! நகைக்காவ ஒருத்தன் அவள கொன்னான், அவ கைப்புள்ளயோட திரும்பி வந்து பழி வாங்கினா. வில்லுப்பாட்டுல அவ செத்த இடத்துல நிறுத்த மாட்டாவ, எழுப்பிட்டுத்தான் வில்லை இறக்குவாவ. புள்ளத்தாச்சி பாதிக் கதைய கேட்டுட்டு நிக்கா. அடுத்த புஸ்தகத்த வெரசா கொண்டா!”

ஒரே ஒரு பிரதி

அடுத்த வாரம் மெட்ராஸ் ரயில் மழையில் தாமதம். பத்திரிகைக் கட்டு நனைந்து, உருப்படியாக வந்தது ஒரே பிரதி. முறைப்படி அது மாமிக்கு. கதவைத் திறந்ததும் கையை நீட்டினாள். நான் கொடுக்காமல் வள்ளியின் விஷயத்தைச் சொன்னேன். நீட்டிய கை இறங்கியது.

“கர்ப்பிணி காத்திண்டிருக்கா, நீ இங்க நின்னு பேசிண்டிருக்கியே! ஓடு. ஆனா போலீஸ்தான் வரும், பார்த்துக்கோ!”

கதவு திறந்தது

நான் மிதித்த மிதிக்குச் சைக்கிள் செயின் அறாதது அதிசயம். அக்கா எழுத்துக் கூட்டி வாசித்தாள். புருஷனின் ஆபீஸ் கதவு திறக்கிறது. அவன் நிமிர்ந்து பார்க்கிறான். வாசலில் மாலினி, இடுப்பில் குழந்தை!

பெண்கள் அத்தனை பேரும் குலவை போட்டார்கள், ஒரு வாரப் பத்திரிகைக்கு! பக்கத்துப் பட்டறையிலிருந்து ஆட்கள் ஓடிவந்தார்கள். வள்ளி முந்தானையால் கண்ணைத் துடைத்தாள்.

“எக்கா, காலைல வச்ச மீன்கொழம்பு இன்னும் கெடக்கா?”

அந்த எழுத்தாளர் கதை முழுக்கத் தன் சொந்தக் கற்பனை என்றே நினைத்திருப்பார், பாவம், அதற்குத் திருநெல்வேலிப் பக்கம் இசக்கி கோயிலில் வருஷா வருஷம் கொடைத் திருவிழாவே நடந்துகொண்டிருப்பது அவருக்கு எப்படித் தெரியும்?