குழாய்க்குள் இருந்த குழாய்

என் அக்கா யார் வீட்டுக்குப் போனாலும் முதலில் பார்ப்பது குழாய் வாயைத்தான். சோபா, திரைச்சீலை, சுவரில் மாட்டிய கல்யாணப் படம் எதுவும் அவள் கண்ணில் படாது. "கை கழுவிட்டு வந்துடறேன்" என்று உள்ளே போவாள். அவள் திரும்பி வரும்போது முகத்தைப் பார்த்தாலே அந்த வீட்டுத் தண்ணீர் எப்படி என்று எனக்குத் தெரிந்துவிடும். எனக்குப் பார்த்த ஒரு மாப்பிள்ளை வீட்டில்கூட இதையேதான் செய்தாள். பையனைப் பற்றி என்ன நினைக்கிறாய் என்று கேட்டதற்கு, "ஷவர்ல பாதி ஓட்டை அடைஞ்சு கிடக்கு. ஒரு ஊக்கை எடுத்துக் குத்தி விடக்கூட அந்த வீட்ல ஆள் இல்ல" என்றாள். அந்தப் பேச்சு அதோடு நின்றது. எனக்கு அதில் ஒன்றும் வருத்தமில்லை, பையன் வேறு ரொம்ப உர்ரென்று இருந்தான்.

அக்காவுக்கு இந்தப் பழக்கம் வேலையிலிருந்து வந்தது. அவள் ஓர் அலுவலகக் கேன்டீனில் பாத்திரம் கழுவும் பகுதியைப் பார்த்துக்கொள்கிறாள். அங்கே டீக்கும் கழுவுவதற்கும் வெந்நீர் கொடுக்கும் பெரிய பாய்லர் ஒன்று உண்டு. அதன் உள்பக்கம் உப்புப் படியாமல் வைத்திருப்பது அவள் பொறுப்பு. மாதம் ஒருமுறை பாய்லர் நிறையத் தண்ணீர் விட்டு, கடையில் வாங்கும் எலுமிச்சை உப்பை, அந்தப் புளிப்புத் தூளை, கொட்டிக் கரைத்து, அப்படியே ஊற விடுவாள். மறுநாள் திறந்துவிட்டால் உள்ளே இருந்த வெள்ளைப் பாறையெல்லாம் கரைந்து கலங்கலாக ஓடும். அப்புறம் பாய்லருக்குள் முகம் பார்க்கலாம். தன் பாய்லரைப் பற்றி அவள் பேசுவதைக் கேட்டால் படித்து வேலைக்குப் போன பிள்ளையைப் பற்றிப் பேசுகிறாளோ என்று தோன்றும்.

ஆனால் அவள் குடியிருந்த வீடு அவளுக்கு நேர் எதிரி. நானும் அப்போது அவளோடுதான் இருந்தேன், பக்கத்தில் ஒரு தையல் கடையில் எனக்கு வேலை. மாடி வீடு. தெருக்குழாயில் வரும் நல்ல தண்ணீர் கீழ் வீட்டோடு நின்றுவிடும், மாடிக்கு ஏறாது. எங்களுக்கு வந்ததெல்லாம் ஆழ்துளைக் கிணற்று உப்புத் தண்ணீர். மொட்டை மாடியில் எங்களுக்கென்று இருந்த தொட்டியிலிருந்து சுவருக்குள் பதித்த பழைய இரும்புக் குழாய் வழியாக இறங்கும். சோப்புப் போட்டால் நுரைக்குப் பதில் ஒரு பிசுக்குதான் வரும். டம்ளரைக் கழுவிக் கவிழ்த்தால் புள்ளி புள்ளியாய் வெள்ளை. வாஷிங் மெஷின் தண்ணீர் இழுக்கும் இடத்தில் உள்ள சல்லடையை வாரம் ஒருமுறை கழற்றித் தட்டவில்லை என்றால் அது முனகிக்கொண்டே சும்மா நிற்கும். கெட்டிலைச் சாய்த்தால் தண்ணீரோடு சுண்ணாம்புச் செதில் விழும். கீசரைப் போட்டால் உள்ளே யாரோ ஜல்லி கிளறுவது போல ஒரு சத்தம். வெந்நீர் வருவதற்குள் குளிக்கும் ஆசையே போய்விடும். ஷவர் என்று ஒன்று இருந்தது, அதில் இரண்டு நூல் தண்ணீர் வரும், அதிலும் ஒன்று சுவரைப் பார்த்து அடிக்கும்.

இதையெல்லாம் சிரித்துப் பேசிக்கொண்டே காலம் தள்ளியிருப்போம், மாமாவுக்குத் தோள் இறுகாமல் இருந்திருந்தால்.

அக்காவின் கணவர், என் மாமா, முடிதிருத்துபவர். இரண்டு தெரு தள்ளி ஒரு சலூனில் அவருக்கென்று ஒரு நாற்காலி. இத்தனை வருடமும் கையைத் தூக்கித் தூக்கியே பிழைத்த மனிதருக்கு வலது தோள் மெல்ல மெல்லப் பூட்டிக்கொண்டது. கை மார்புக்கு மேலே ஏறவில்லை. சட்டை போடவே அக்கா வேண்டும். வைத்தியர் பார்த்துவிட்டு, "வெந்நீர் தோள் மேல விடாம விழணும். சூடு நல்லா ஏறின கையோட பயிற்சி பண்ணணும். தினமும். சோம்பல் பட்டா கை இப்படியே நின்னுடும்" என்று சொல்லி அனுப்பினார்.

சலூன் முதலாளி கெட்டவர் இல்லை. வீட்டுக்கே வந்து உட்கார்ந்து டீ குடித்தார். போகும்போது செருப்பை மாட்டிக்கொண்டே, "மாசக் கடைசி வரைக்கும் உன் நாற்காலிய அப்படியே வச்சிருக்கேன். அதுக்கு மேல என்னால முடியாது, தப்பா எடுத்துக்காத" என்றார். மாமா தலையாட்டினார். அன்று முழுக்க அவர் வாயைத் திறக்கவில்லை. வாய் ஓயாமல் பேசுவதுதான் அவர் தொழிலில் பாதி, அந்தப் பாதியும் அன்றோடு போனது.

அக்கா அடுப்பில் தண்ணீர் காய்ச்சி முக்காலி மேல் நின்று குவளை குவளையாய் ஊற்றிப் பார்த்தாள். அடுத்த குவளை வருவதற்குள் முந்திய சூடு ஆறிவிடும். ஒன்று கொதிக்கும், மாமா கத்துவார். ஒன்று பச்சைத் தண்ணீராய் இருக்கும், அதற்கும் கத்துவார். "ஷவர் ஒழுங்கா வந்தா இந்தப் பாடே இல்ல" என்று அக்கா ஒரு நாள் குவளையைத் தூக்கிப் போட்டாள். அப்போதே அவள் மனதுக்குள் பாய்லர் வந்துவிட்டது என்று நினைக்கிறேன்.

ஒரு சனிக்கிழமை சாயங்காலம் ஒரு பை நிறைய எலுமிச்சை உப்போடு வந்தாள். நேரே மொட்டை மாடிக்கு ஏறி, எங்கள் தொட்டியில் கொட்டித் துடைப்பக் கட்டையால் கலக்கினாள். கீழே வந்து ஒவ்வொரு குழாயாகத் திறந்து, விரலில் தொட்டு நாக்கில் வைத்து, புளிப்பு வந்ததும் மூடினாள். கீசர், ஷவர், சமையலறை, ஒன்றையும் விடவில்லை. "கேன்டீன்ல பண்றதுதான். காலைல பாரு" என்றாள். நான் எதிர்த்துப் பேசவில்லை. அவள் ஒரு முடிவுக்கு வந்துவிட்டால் குறுக்கே நிற்பதைவிடப் பஸ்ஸுக்குக் குறுக்கே நிற்கலாம்.

காலையில் தொட்டியைக் காலி செய்து புதுத் தண்ணீர் ஏற்றினாள். குழாய்கள் கொஞ்ச நேரம் பழுப்பும் வெள்ளையுமாய்த் துப்பின. அப்புறம் வந்தது பாருங்கள் தண்ணீர், வாளி கையை விட்டுத் துள்ளியது. கீசர் சத்தமே போடவில்லை. ஷவரில் எல்லா ஓட்டையிலும் தண்ணீர், அதுவும் கொதிக்கக் கொதிக்க. மாமா உள்ளே போனவர் வெளியே வரவே இல்லை. உள்ளேயிருந்து பாட்டுச் சத்தம் கேட்டது. வெளியே வந்து கையைத் தூக்கிக் காட்டினார், தாடை வரை வந்தது. அக்காவுக்கு அன்று தலைகால் புரியவில்லை. தெருவில் போகிறவர்களைக் கூப்பிட்டு ஷவரைக் காட்டாத குறைதான்.

மத்தியானம் கதவு தட்டும் சத்தம் கேட்டது. திறந்தால் கீழ் வீட்டு நெட்டையர் நிற்கிறார், கையில் விரித்த குடையோடு.

நெட்டையர் என்பது நாங்கள் வைத்த பெயர். அவ்வளவு உயரம். நில அளவை வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர், தனி ஆள். அவர் வீட்டுக் கதவு திறந்து நாங்கள் பார்த்ததே கிடையாது. படியில் எதிரே வந்தால் ஒதுங்கி வழிவிடுவார், அதோடு சரி. தலைமுடி காதை மூடிக் கழுத்தில் புரளும். மாமாவுக்கு அதைப் பார்க்கும்போதெல்லாம் கை அரிக்கும்.

"என் கட்டில் மேல மழை பெய்யுது" என்றார் நெட்டையர்.

ஓடிப்போய்ப் பார்த்தோம். எங்கள் குளியலறைச் சுவர் வியர்த்துக்கொண்டிருந்தது. அவர் வீட்டுக் கூரையில் பெரிய ஈரத்திட்டு, அதிலிருந்து சொட்டுச் சொட்டாய், அப்புறம் ஒழுக்காய். மெத்தை ஊறிப்போயிருந்தது. அக்காவுக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. நான்தான் மேலே போய்த் தொட்டி வால்வை மூடினேன்.

பிளம்பர் வந்து சுவரைக் கொத்தி ஒரு துண்டுக் குழாயை வெளியே எடுத்தார். இரும்பு என்று பேர், விரலால் அழுத்தினால் பொடிந்தது. ஊசி ஊசியாய் ஓட்டை. "துரு எப்பவோ தின்னு முடிச்சிருக்கு. உள்ள படிஞ்சிருந்த உப்புதான் இத்தனை நாளா குழாயா நின்னு தண்ணிய தாங்கியிருக்கு. அதைப் போய்க் கரைச்சிட்டீங்களே" என்றார். "எங்க பாய்லர்ல ஒண்ணும் ஆகலியே" என்றாள் அக்கா, குரலே எழும்பாமல். "அது எவர்சில்வர், இது செத்த இரும்பு" என்றார் அவர். மாடிக்கு மொத்தக் குழாயும் மாற்ற வேண்டும், சுவர் முழுக்க உடைக்க வேண்டும், வீட்டுக்காரர் வெளியூரிலிருந்து வந்துதான் ஆரம்பிக்க முடியும். அதுவரை எங்கள் வீட்டில் சொட்டுத் தண்ணீர் கிடையாது. மாசக் கடைசியோ நெருங்கிக்கொண்டிருந்தது.

எல்லோரும் போன பிறகு அக்கா கீழே இறங்கினாள். நானும் பின்னாலேயே போனேன். நெட்டையர் மெத்தையை நிமிர்த்திச் சுவரில் சாய்த்துக்கொண்டிருந்தார். அவள் சுற்றி வளைக்கவில்லை.

"நான்தான் சார் பண்ணேன். குழாயில எலுமிச்சை உப்பு ஊத்தினேன். உங்க மெத்தை போனது என்னாலதான்."

"எதுக்கு ஊத்தினீங்க?"

அக்கா சொன்னாள். தோள், வெந்நீர், நாற்காலி, மாசக் கடைசி எல்லாவற்றையும் சொன்னாள். சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது. நாற்காலி போனால் மாமாவுக்கு வேறு எந்த வேலையும் தெரியாது என்றாள். அவர் கூரையையே பார்த்துக்கொண்டு கேட்டார். திட்டப்போகிறார் என்று நான் பதிலுக்குத் தயாராய் நின்றேன், எனக்கு வாய் கொஞ்சம் நீளம்.

"என் குழாயில நல்ல தண்ணிதான் வருது" என்றார். "ஷவரும் நல்லா வரும். விடிஞ்சதும் அவரைக் கீழ அனுப்புங்க. கதவு திறந்திருக்கும்."

எங்களால் படுக்கை நனைந்து, அன்று ராத்திரி வெறும் கட்டிலில் படுக்கப்போகிற மனிதர் சொன்ன வார்த்தை அது. அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு மெத்தையின் மறுமுனையைப் பிடித்தாள்.

மறுநாளிலிருந்து மாமா தோளில் துண்டோடு படியிறங்கினார். அக்கா கூடவே போய், அவர் குளித்து முடித்ததும் அந்தக் குளியலறையைத் தேய்த்துத் துடைத்துவிட்டு கேன்டீனுக்கு ஓடுவாள். முதல் நாள் திரும்பி வந்து என்னிடம் ரகசியம் போலச் சொன்னாள். "அவர் குழாய் வாயைப் பாத்தியாடி? ஒரு புள்ளி வெள்ளை இல்ல. நானும்தான் வருஷக்கணக்காத் தேய்க்கிறேன்." பொறாமையில் அவள் முகம் எப்படி இருந்தது என்று வரைந்துதான் காட்ட வேண்டும்.

மாமாவின் கை தாடையைத் தாண்டியது, காதைத் தொட்டது. அங்கே நின்றுவிட்டது. மாசம் முடிய ஓரிரு நாள்தான் பாக்கி. அன்று எனக்குக் கடை விடுமுறை, நானும் கீழேதான் இருந்தேன். மாமா குளித்துவிட்டு வந்தபோது நெட்டையர் கூடத்தின் நடுவில் ஓர் உயரமான ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்திருந்தார். கழுத்தில் ஒரு பழைய வேட்டியைச் சுற்றியிருந்தார்.

"சூடு ஆறுறதுக்குள்ள கத்தரிய எடுங்க" என்றார்.

நான் மேலே ஓடி மாமாவின் பெட்டியை எடுத்து வந்தேன். பக்கவாட்டு முடியும் பின்கழுத்தும் ஒழுங்காக இறங்கின. கை பழசை மறக்கவில்லை. உச்சிதான் மிச்சம். உட்கார்ந்திருந்தும் அந்த மனிதரின் உச்சி மாமாவின் கண்ணுக்கு மேலே இருந்தது.

"கொஞ்சம் குனிங்க சார்" என்றார் மாமா.

"கடைக்கு வர்றவங்க எல்லாரும் உங்களுக்காகக் குனிவாங்களா?"

நெட்டையர் நில அளவைக்கு நட்ட கல் மாதிரி நிமிர்ந்தே உட்கார்ந்திருந்தார். அக்கா குளியலறை வாசலில் துடைப்பத்தோடு நின்றாள். மாமா பல்லைக் கடித்துக்கொண்டு கையைத் தூக்கினார். காதைத் தாண்டியது. நெற்றியில் வியர்வை வழிந்தது. சீப்பு உச்சிக்குப் போனது, கத்தரி அதன் பின்னால் போனது. அந்தச் சின்னச் சத்தம் கேட்டதும் அக்கா துடைப்பத்தைப் போட்டுவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். மாமா நிறுத்தவில்லை. வெட்டிக்கொண்டே பேச ஆரம்பித்தார், எத்தனையோ நாளுக்குப் பிறகு. சார் முடி நல்ல அடர்த்தி, சாருக்கு இரட்டைச் சுழி, சார் இவ்வளவு நாள் இதை இப்படி விட்டிருக்கக் கூடாது என்று வாய் ஓயவில்லை.

உண்மையைச் சொன்னால் அந்த வெட்டு அவ்வளவு சரியில்லை. பின்பக்கம் ஓரிடத்தில் முடி மேடும் பள்ளமுமாய்ப் படி விழுந்திருந்தது. நெட்டையர் கண்ணாடியில் பார்த்துவிட்டு நன்றாக இருக்கிறது என்றார். அந்தத் தலையோடு சலூனுக்கே நடந்து போய், முதலாளியிடம் உச்சியைத் தொட்டுக் காட்டி, "இது அவர் வெட்டினது" என்று மட்டும் சொல்லிவிட்டு வந்திருக்கிறார். முதலாளிதான் பிறகு சிரித்துச் சிரித்துச் சொன்னார். மாசம் பிறந்த அன்று மாமா தன் நாற்காலிக்குப் பின்னால் நின்றார்.

இப்போது மாடிக்குப் பிளாஸ்டிக் குழாய் வந்துவிட்டது. நெட்டையருக்குப் புது மெத்தை நாங்கள்தான் வாங்கிப் போட்டோம். போன வருடத்திலிருந்து தெருக்குழாயில் நல்ல தண்ணீர் குறைந்துவிட்டதால் கீழ் வீட்டுக்கும் உப்புத் தண்ணீரைக் கலந்து விடுகிறார்கள். அவர் குழாய்களிலும் வெள்ளை ஏற ஆரம்பித்துவிட்டது.

அதனால் ஞாயிற்றுக்கிழமை காலையில் அக்கா ஒரு கிண்ணத்தில் எலுமிச்சை உப்பும் பழைய பல் தேய்க்கும் பிரஷுமாய்க் கீழே இறங்குகிறாள். "வாயை மட்டும்தான் தேய்ப்பேன் சார், உள்ள ஒரு சொட்டு ஊத்த மாட்டேன்" என்று ஒவ்வொரு வாரமும் சொல்லிவிட்டுத்தான் ஆரம்பிப்பாள். அவள் கதவைத் தட்டுவதில்லை. விடிந்ததிலிருந்து அது திறந்தே இருக்கிறது.