பிரஷ் வைத்திருந்தவர்

மலேசியாவில், ஈப்போ பல் கிளினிக்கில் அம்மாவோடு காத்திருந்தபோதுதான் அவரைப் பார்த்தேன். ஐம்பது வயது, தொழிற்சாலைச் சீருடை. சட்டைப் பையில் பேனா இருக்க வேண்டிய இடத்தில் அவருடைய அப்பாவின் பல் துலக்கும் பிரஷ்.

வயதான அப்பாவை அவர் டாக்டரின் அறைக்குள் கூட்டிப் போனார்; கதவு திறந்தே கிடந்தது. டாக்டர் பெரியவரை "ஆ" காட்டச் சொன்னபோதெல்லாம், பக்கத்தில் நின்ற மகனும் குழந்தைக்குச் சோறூட்டுகிறவர் போல வாயைத் திறந்தார். டாக்டர் மகனின் வாய்க்குள்ளும் எட்டிப் பார்த்தார்.

"அப்பா பல்லு நல்லா இருக்கு. உங்களுக்குத்தான் அண்ணே, மூணு சொத்தை."

"எனக்கு வேலைக்கு நேரமாச்சு லா டாக்டர்."

பெரியவர் நாற்காலியை விட்டு இறங்கி மகன் கையைப் பிடித்தார். "உக்காருடா. தெனமும் எனக்கு வெளக்கி விடுறியே, ஒன்னோடத யாரு பாக்குறது?"

மகன் உட்கார்ந்தார். டாக்டர் "ஆ" என்றார். இப்போது பெரியவரின் வாய் திறந்தது.

அம்மா என் தாடையைத் தட்டினார். "வாய மூடுடா. ஒனக்கும் சொத்தைன்னு சொல்லிறப் போறாங்க."