எங்கள் இருவரில் முதலில் யாருக்கு

துறைமுகத்தில் நடந்த ரத்ததான முகாமுக்குப் போன என் கணவர், பிஸ்கட் பாக்கெட்டும் சான்றிதழுமாகச் சிரித்துக்கொண்டே வீட்டுக்கு வந்தார். சில நாள் கழித்து ரத்த வங்கியிலிருந்து போன் வந்தது. "நேர்ல வாங்க சார், சின்ன விஷயம்தான்" என்றார்களாம். கப்பல் சரக்கு கிளியரிங் ஆபீசிலேயே காலம் தள்ளியவர் அவர். சின்ன விஷயம் என்று யாராவது சொன்னாலே சந்தேகம் வந்துவிடும்.

ஹெபடைடிஸ் சி என்றார்கள். ஈரலைத் தாக்கும் கிருமி, ரத்தத்தின் வழியாகப் பரவுவது. வருஷக்கணக்கில் சத்தமில்லாமல் உள்ளே இருந்திருக்கலாம் என்றும் சொன்னார்கள். மனைவியும் பரிசோதித்துக்கொள்வது நல்லது என்று டாக்டர் சொல்ல, நானும் கையை நீட்டினேன்.

என் ரிசல்ட்தான் எல்லாவற்றையும் குழப்பியது. எனக்கும் அந்தக் கிருமி வந்துபோன தடயம் ரத்தத்தில் இருக்கிறது. ஆனால் கிருமி இப்போது இல்லை. மருந்து மாத்திரை ஏதுமில்லாமல் உடம்பே எப்போதோ அதைத் துரத்திவிட்டதாம். எப்போது என்று சொல்ல வழியில்லை. "சிலருக்கு அப்படி ஆகும்மா" என்றார் டாக்டர். எனக்கு நிம்மதியாக இருந்தது. பக்கத்து நாற்காலியிலிருந்து என்னைத் திரும்பிப் பார்த்தவர் முகத்தில் அது இல்லை.

வீட்டுக் கதவைத் திறந்ததும் கேட்டார்.

"ஏளா, அப்போ உனக்குத்தான் மொதல்ல வந்திருக்கு, என்ன?"

"எனக்கெப்படித் தெரியும்?"

"உனக்கு வந்து சரியாவும் போச்சு. எனக்கு இன்னும் இருக்கு. அப்படித்தான வருது."

மகள் பிறந்தபோது எனக்கு ரத்தம் ஏற்றினார்கள். அதைச் சொன்னேன். தலையாட்டினார். அந்தத் தலையாட்டலை நான் நம்பவில்லை. நம்பாதது சரிதான். சாப்பிடும்போது, சாம்பாரைப் பிசைந்தபடியே, "கோயம்புத்தூர்ல வேல பாத்தியே, அங்கன யார்கூடத் தங்கியிருந்த?" என்றார்.

"நீங்க வேலைக்குன்னு போயி குஜராத் துறைமுகத்துல கெடந்த காலத்தப் பத்தி நான் கேட்டேனா?"

அவர் பாதிச் சாப்பாட்டில் எழுந்து கை கழுவப் போய்விட்டார்.

அதற்குப் பிறகு ஒரே வீட்டில் இரண்டு துப்பறிகிறவர்கள் இருந்தோம். நான் அடுக்களையில் நிற்கும்போது அவர் என் தங்கைக்குப் போன் போட்டு, பிரசவம் எந்த ஆஸ்பத்திரியில் நடந்தது, ரத்தம் ஏற்றியது உண்மையா என்று பேச்சோடு பேச்சாக விசாரித்தார். அவர் வெளியே போனதும் நான் பழைய ஆல்பத்தை எடுத்து, குஜராத் போட்டோக்களில் அவர் பக்கத்தில் யார் யார் நிற்கிறார்கள் என்று பார்த்தேன். எல்லாம் ஆம்பிளைகள். அப்படியானால் போட்டோ எடுத்தது யார் என்று யோசித்தேன்.

அவருக்கு மாத்திரை வாங்க ஆஸ்பத்திரிக்குப் போன நாளில், அங்கே ஆராய்ச்சி செய்யும் இளம்பெண் ஒருத்தி எங்கள் இருவரிடமும் ரத்தம் கேட்டாள். ஒரே வீட்டில் ஒருவர் கிருமியை விரட்டியிருக்கிறார், இன்னொருவருக்குத் தங்கிவிட்டது. அதனால் கேட்பதாகச் சொன்னாள்.

"ரத்தத்த வித்துருவாளுவ" என்று இவர் என் காதில் முணுமுணுத்தார். ஆனாலும் கூடவே வந்தார். அவள் சிரிஞ்சின் உறையைப் பிரிப்பதைக் குனிந்து பார்த்த பிறகுதான் சட்டைக் கையைச் சுருட்டினார்.

ரத்தத்தில் எதைத் தேடுகிறாய் என்று நான் கேட்டேன்.

"டென்ட்ரிடிக் செல்னு ஒண்ணு இருக்கும்மா. மரக்கிளை மாதிரி கையை நீட்டிக்கிட்டு இருக்கும். கிருமி வந்தா அதப் புடிச்சு உடைச்சு, ஒரு துண்டக் கொண்டுபோய், சண்ட போடுற செல்லுங்ககிட்டக் காட்டும். இவன்தான் ஆளு, பாத்துக்கோன்னு. அது காட்டாட்டி மத்ததுக்கு ஆள் அடையாளமே தெரியாது."

"அப்போ எனக்குள்ள இருக்கிறது காட்டலியா?" என்றார் இவர்.

"தெரியாது சார். கிருமி அந்தச் செல்ல மந்தமாக்கிருதுன்னு சிலர் சொல்றாங்க. இல்ல, அது நல்லாத்தான் இருக்கு, கோளாறு வேற எங்கயோன்னு சிலர் சொல்றாங்க. அதான் பாக்கிறோம்."

அவர் சட்டைக் கையை இறக்கிவிட்டுக்கொண்டே கேட்டார். "இத வச்சு, யாருகிட்ட இருந்து யாருக்கு வந்துதுன்னு சொல்ல முடியுமாம்மா?"

அந்தப் பெண் என்னைப் பார்க்கவில்லை. அதற்கு நான் இன்றும் அவளுக்கு நன்றி சொல்வேன். "முடியாது சார். அம்மா உடம்புல கிருமியே இல்ல. எதோட எத ஒப்பிட? புருஷன் பொண்டாட்டிக்குள்ள இது பரவுறதே குறைவு. ரெண்டு பேருக்கும் வேற வேற எடத்துல வந்திருக்கவும் செய்யலாம்."

வெளியே வேப்பமரத்தடியில் டீ குடிக்கும்போது அவராகவே ஆரம்பித்தார். குஜராத்தில் காய்ச்சல் கண்டு கிடந்தபோது, ஒரு கம்பவுண்டர் அறையிலிருந்த எல்லாருக்கும் ஒரே ஊசியைப் போட்டானாம்.

"இத ஏன் இவ்வளவு நாளாச் சொல்லல?"

"இப்பத்தான் ஞாபகம் வருது."

இத்தனை நாள் வராத ஞாபகம் அன்றைக்கு எப்படி வந்தது என்று எனக்குத் தோன்றியது. ஆனால் அவர் ஆறிப்போன என் டீயை வாங்கிக் கீழே ஊற்றிவிட்டு, எனக்குச் சூடாக இன்னொன்று சொன்னார். நான் மேற்கொண்டு கேட்கவில்லை.

மூன்று மாதம் மாத்திரையை ஒருநாள்கூட விடாமல் சாப்பிட்டார். பிறகு எடுத்த பரிசோதனையில் கிருமி இல்லை என்றார்கள். "இனிமே வராதுல்லா?" என்று கேட்டார். "திரும்பத் தொத்தினா வரும். ரெண்டு பேருக்குமே" என்றார் டாக்டர். அந்தப் பெண்ணின் ஆராய்ச்சி எங்கே போய் முடிந்ததென்று எங்களுக்குத் தெரியவில்லை.

இப்போதும் டிவி பார்த்துக்கொண்டிருக்கும்போது சட்டென்று என் பக்கம் திரும்பி எதையோ கேட்க வாயெடுப்பார். பிறகு ரிமோட்டை எடுத்துச் சத்தத்தைக் கூட்டுவார். என்ன கேட்க வந்தீர்கள் என்று நானும் கேட்பதில்லை.