வெறும் காருக்குக் கழற்றிய தொப்பி

பிள்ளைகளா, இப்போது கார் வந்தால் நீங்கள் ஓரமாக ஒதுங்குகிறீர்கள், அவ்வளவுதான். நான் இலங்கை மலைநாட்டில், பூண்டுலோயாவுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் வெள்ளைக்காரத் துரையின் கார் ஓட்டிய முப்பதுகளில் அப்படி இல்லை. தோட்டத்து ரோட்டில் துரை கார் வந்தால் குடை பிடித்தவர் மடக்க வேண்டும். தலைப்பா கட்டியவர் அவிழ்க்க வேண்டும். சைக்கிளில் போகிறவர் இறங்கி, கார் கடக்கும்வரை நிற்க வேண்டும். எழுதி ஒட்டிய சட்டம் ஒன்றும் கிடையாது. ஆனாலும் இறங்காமல் போன ஒருவரை நான் பார்த்ததில்லை.

எங்கள் கண்டாக்கையா, அதாவது மலையில் ஆட்களிடம் வேலை வாங்குகிற உத்தியோகத்தர், அந்த வருஷம் ஒரு பழைய மோட்டார் சைக்கிள் வாங்கினார். அது சமதரையில் நன்றாக ஓடும். மேட்டில் நின்றுவிட்டால் லேசில் உயிர் வராது. பள்ளத்துப் பக்கம் திருப்பி, தள்ளிக்கொண்டே ஓடி, தாவி ஏறினால்தான் உறுமும்.

துரை இல்லாமலும் நான் கீழே போவேன். பாண் என்கிற ரொட்டி, இறைச்சி, தபால் எல்லாம் கடைவீதியிலிருந்து கொண்டுவருவது என் வேலை. மழைக்காலத்தில் காரின் இரண்டு பக்கமும் கித்தான் திரையை இறக்கிவிடுவேன். உள்ளே ஆள் இருக்கிறதா இல்லையா என்று வெளியில் இருப்பவருக்குத் தெரியாது.

ஒருநாள் கீழே போகும்போது, எதிரே வருவது தெரியாத ரோட்டு வளைவான ஒரு முடக்கில் ஹோர்ன் அடித்துக்கொண்டு திரும்பினேன். எதிரே மேடேறி வந்த கண்டாக்கையா சட்டென்று மோட்டார் சைக்கிளை நிறுத்தி இறங்கினார். தொப்பியைக் கழற்றி நெஞ்சோடு பிடித்துக்கொண்டு விறைப்பாக நின்றார். காரில் நானும் பாண் வாங்கும் வெறும் கூடையும்தான் இருந்தோம். நான் என்ன செய்வேன்? நிறுத்தி, "துரை இல்லீங்க" என்று சொன்னால் இன்னும் அவமானம். பேசாமல் போய்விட்டேன். கண்ணாடியில் பார்த்தபோது அவர் மோட்டார் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு ஓடிக்கொண்டிருந்தார்.

இப்படி மூன்று தடவை நடந்தது. மூன்றாம் தடவை தேயிலைக்குள்ளிருந்து ஒரு பெண் குரல் வந்தது. ஆள் தெரியவில்லை.

"உள்ள பாண் வாங்குற வெறுங்கூடதாங்க ஐயா இருக்கு. அதுக்கா தொப்பியக் கழட்டுனீங்க?"

மலை முழுக்கச் சிரித்தது. அந்தச் சிரிப்புத்தான் எனக்கு வினையாய் வந்தது.

அன்று மாலை ஸ்டோர் என்கிற தேயிலைத் தொழிற்சாலை வாசலில் கண்டாக்கையா என்னை மறித்தார்.

"ஏன்டா, என்னைய எறக்கிப் பாக்குறதுல ஒனக்கு அவ்வளவு சந்தோசமா?"

"நான் என்னங்க செஞ்சேன்?"

"என்னக் கண்டதும் ஹோர்ன் அடிக்கிற. தொர வாராருன்னு நான் எறங்கணும், நீ பல்லக் காட்டிக்கிட்டுப் போகணும்."

"முடக்குக்கு அடிச்சேங்க."

"முடக்குக்கா? நான் நிக்கிற எடத்துல மட்டும் முடக்கு வருதோ?"

 அவர் நேரே ஆபீசுக்குப் போய், துரை இல்லாத நேரத்தில் டிரைவர் ஹோர்ன் அடித்து உத்தியோகத்தர்களைக் கேலி செய்கிறான் என்று சொல்லிவிட்டார். துரை என்னைக் கூப்பிட்டு அவருடைய தோட்டத்துத் தமிழில் சொன்னார்: "நீ சும்மா சும்மா ஹோர்ன் அடிக்குது. இன்னொரு தரம் கம்ப்ளேன் வந்தா பத்துச்சீட்டு."

பத்துச்சீட்டு என்றால் வேலை போச்சு. வேலையோடு, தோட்டம் கொடுத்த ஒற்றை அறை வீடான லயத்துக் காம்பிராவும் போகும். உங்கள் அம்மாவுக்கு அப்போது எட்டு மாதம். பெரியவனே, நீதான் வயிற்றில். அவளிடம் சொல்லாமல் இரண்டு நாள் இருந்தேன். சோற்றில் கையை வைத்துக்கொண்டு நான் உட்கார்ந்திருப்பதைப் பார்த்து அவளே கேட்டுத் தெரிந்துகொண்டாள்.

"அந்த ஆளு வார நேரத்துல மட்டும் அடிக்காம போயேன்" என்றாள்.

எனக்கும் அதுதான் சரியென்று பட்டது. காரை என் கையில் கொடுத்த அன்று, முடக்குக்கு முடக்கு ஹோர்ன் அடிக்கச் சொன்னதும் இதே துரைதான். ஒரே வாய் சொன்ன இரண்டு உத்தரவு. எதை மீறினால் வீடு போகும் என்று பார்த்தேன். உயிர் போகும் என்பதை யோசிக்கவில்லை.

அடுத்த வாரம் நல்ல மழை. பத்து மணி இருக்கும், கண்டாக்கையா கீழ் மலையிலிருந்து மேலே வரும் நேரம். பாலத்துக்கு மேலே நாலாவது முடக்கில், ஹோர்ன் பக்கம் போன கையை இழுத்துக்கொண்டேன். அப்படியே திரும்பினேன். எதிரில், ரோட்டு நடுவில், அவர்.

நான் மலைப்பக்கம் ஒடித்தேன். முன் சக்கரம் ரோட்டோரத்தில் தண்ணீர் ஓடும் கானுக்குள் இறங்கி, மட்கார்ட் மண்ணில் இடித்தது. அவர் பள்ளத்துப் பக்கம் சரிந்தார். ஓடிப் போய்ப் பார்த்தேன். மோட்டார் சைக்கிளின் முன்சக்கரம் அந்தரத்தில் சுற்றிக்கொண்டிருந்தது. அவருடைய கால் அதன் அடியில். இன்னும் ஒரு முழம் போயிருந்தால் கீழே ஆற்றில்தான் தேட வேண்டும்.

கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தவர்கள் கூடையைப் போட்டுவிட்டு ஓடிவந்தார்கள். எல்லாருமாக அவரைத் தூக்கினோம், பிறகு காரை மேலே தள்ளினோம். அதில் ஒருத்தி உரக்கக் கேட்டாள்: "என்ன டைவரண்ணே, இன்னிக்கு ஹோர்ன் சத்தமே கேக்கலியே?"



துரை உட்காரும் பின் சீட்டில் அவரைக் கிடத்தினேன். கேட்காமல் செய்யக்கூடாத காரியம். கொழுந்து நிறுக்கும் இடத்தில் காரைத் திருப்பிக்கொண்டு மேலே டிஸ்பென்சரிக்கு விட்டேன். முதல் முடக்கு வந்தது. ஹோர்ன் அடித்தேன். இரண்டாவது. அடித்தேன். பின்னாலிருந்து முனகல் வந்தது.

"இப்ப யாருக்குடா அடிக்கிற?"

"முடக்குக்குங்க."

"ஆளே இல்லியே."

"ஆள் இருக்கா இல்லியான்னு திரும்புனப்பொறகுதாங்க தெரியும்."

 மூன்றாவது முடக்கிலும் அடித்தேன், நாலாவதிலும் அடித்தேன். அவர் இதற்கு முன் அந்தக் காரில் ஏறியதே இல்லை. அவர் நின்ற இடத்தில் கேட்ட ஹோர்ன் மட்டும்தான் அவர் காதில் விழுந்திருந்தது. மற்ற முடக்குகளில் நான் அடித்ததை அவர் எங்கே கண்டார்! ரோட்டோரத்தில் ஒரு கிழவர் தலையில் போட்டிருந்த சாக்கை மழையில் இறக்கிவிட்டு, குனிந்து நின்றார். திரை இடுக்கு வழியாகக் கண்டாக்கையா அதைப் பார்த்திருக்க வேண்டும்.

"எனக்கா நிக்கிறான்?" என்றார்.

"காருக்குங்க."

"எத்தன முடக்குடா மொத்தம்?"

"பாலத்துலேருந்து பங்களாவுக்கு இருபத்தொண்ணுங்க."

"எல்லாத்துலயும் அடிப்பியா?"

"இன்னிக்கு ஒண்ணுல மட்டுந்தாங்க அடிக்கல."

டிஸ்பென்சரி வாசலில் காரை நிறுத்தினேன்.

சாயந்தரம் துரை மட்கார்டைத் தடவிப் பார்த்தார். என்னை அழைத்துக்கொண்டு கண்டாக்கையா படுத்திருந்த இடத்துக்கே வந்தார். கால் எலும்பு முறியவில்லை, நன்றாக வீங்கியிருந்தது. துரை கேட்டது ஒரே கேள்வி: "டிரைவர் ஹோர்ன் அடிச்சது?"

இல்லை என்று அவர் ஒரு சொல் சொன்னால் நானும் உங்கள் அம்மாவும் மறுநாள் சாமானைக் கட்ட வேண்டும். நான் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. கட்டில் காலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். 

"நல்ல மழைங்க தொரைங்களே. என் இஞ்சின் சத்தத்துல எனக்கு ஒண்ணும் கேக்கலிங்க."

அது பொய்யும் இல்லை. முழு உண்மையும் இல்லை. நானும் வாயைத் திறக்கவில்லை. என்னைக் காப்பாற்றுவதற்காகச் சொன்னாரா, தான் செய்த கம்ப்ளேன் கிளறப்படும் என்று பயந்து சொன்னாரா, இன்றுவரை எனக்குத் தெரியாது. பிள்ளைகளிடம் பொய் சொல்லாதே என்று சொல்கிறவன் நான். அன்று நான் பேசாமல் நின்றதையும் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும்.

அவர் நடக்கத் தொடங்கிய பிறகு ஒருநாள் ஸ்டோரில் தனியாக இருந்தபோது தைரியமாகச் சொன்னேன்: "ஐயா, இனிமே ஹோர்ன் கேட்டா ஓரமா நில்லுங்க, போதும். அந்த மேட்டுல எறங்காதீங்க. வண்டி செத்துப்போச்சுன்னா ரெண்டு பேருக்கும் ஆபத்து."

"தொர உள்ள இருந்தா?"



பத்து நாள் கழித்து, துரை பின்னால் இருக்கிறார், காரை இறக்கிக்கொண்டு போகிறேன். முடக்கில் ஹோர்ன் அடித்துத் திரும்பினால், கண்டாக்கையா வருகிறார்.  அவர் ஓரம் கட்டினார். ஒரு காலை மண்ணில் ஊன்றினார். இஞ்சின் ஓடிக்கொண்டே இருக்கிறது. தொப்பியைக் கழற்றினார். ஆனால் இறங்கவில்லை. கார் அவரைக் கடந்தது.

"அவன் ஏன் எறங்கல்ல?" துரையின் குரல் என் பிடரியில் பட்டது.

தெரியாதுங்க என்று சொல்லியிருக்கலாம். நாக்கு நுனி வரை வந்தது.

"நான்தாங்க எறங்க வேணாம்னு சொன்னேன். எறங்குனா அந்த மேட்டுல வண்டி நின்னுபோகுது. திரும்பத் தள்ளுறப்போ ரோட்ட மறிச்சுக்குதுங்க."

கண்ணாடியில் அவருடைய மீசையும் வாயும் மட்டும் தெரிந்தன.  நான் பத்துச்சீட்டுக்குக் காத்திருந்தேன்.

"ரோட்டப் பாரு" என்றார் துரை.

பார்த்தேன். அடுத்த முடக்கு வந்துகொண்டிருந்தது.