ம் கொட்டாமல் கேட்பது

லண்டனில், ஸ்ட்ரெதம் தாண்டி ரயில் போய்க்கொண்டிருந்தபோதுதான் அது என் மண்டைக்குள் விழுந்தது. பிற்பகலே இருட்டிவிடுகிற குளிர்காலம். கண்ணாடியில் வெளியே போகிற வீடுகளும் உள்ளே இருக்கிற முகங்களும் ஒன்றின்மேல் ஒன்றாக மிதந்தன. மடியில் கணினி. காதில் அவளுடைய குரல்.

அவள் கனடாவின் வடக்கே, ஓர் ஏரிக்கரை ஊரில் இருக்கிற பூர்வகுடிப் பெண். என் வயதுதான் இருக்கும். அவர்களுடைய சமூகமே நடத்துகிற பிள்ளைகள் நல அலுவலகத்தில், புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்குப் பயிற்சி கொடுக்கிறாள். நான் லண்டனில், பயிற்சிப் பாடங்கள் எழுதிக் கொடுக்கும் ஒரு சின்ன நிறுவனத்தில் இருக்கிறேன். இரண்டு பேருமாக அவர்களுக்கென்று ஒரு பாடத்திட்டம் எழுதிக்கொண்டிருந்தோம். ஒரு பிள்ளையைப் பற்றிக் கவலை என்று தகவல் வருகிறது. பணியாளர் அந்த வீட்டுக்குப் போக வேண்டும். எப்படிக் கதவைத் தட்டுவது, எங்கே உட்காருவது, எப்படிக் கேட்பது, பிள்ளையைச் சொந்தங்களிடமிருந்து பிரிக்காமல் காப்பாற்ற என்ன வழி? இதெல்லாம் பாடம்.

அன்று நான் கேட்டுக்கொண்டிருந்தது எங்கள் ஒத்திகையின் ஒலிப்பதிவு. அவள் அந்த வீட்டுத் தாயாக நடிக்கிறாள், நான் பணியாளர். திரையில் அவள் குரல் அலையாக எழும்பி, அடங்கி, நெடுநேரம் கோடாகக் கிடந்து, மறுபடி எழும்பியது. நடுவில் குட்டிக் குட்டிப் புள்ளிகள். மைக்கில் ஏதோ கோளாறு என்று நினைத்துப் பெரிதாக்கிக் கேட்டேன். கோளாறு நான்தான்.

“ம்.”

“ம்ம்.”

“ஓம், ஓம்.”

ஆங்கிலத்தில் நடந்த ஒத்திகையில் என் வாய் அது பாட்டுக்குத் தமிழில் ம்மும், எங்கள் ஊர் ஆமாமாகிய ஓமும் கொட்டிக்கொண்டு இருந்திருக்கிறது. அதைவிட அதிசயம் புள்ளிகளுக்குப் பின்னால் இருந்தது. என் ஒவ்வொரு ம்முக்கும் அவள் அலை அறுந்து போயிருந்தது. வார்த்தையின் நடுவில், மூச்சின் நடுவில். சொல்லு, சொல்லு என்று நான் தள்ளிவிட்டதாக நினைத்த ஒவ்வொரு இடத்திலும் அவள் நின்றிருக்கிறாள். போதும், இனி என் முறை என்று நான் சொன்னதாக அவள் காதில் விழுந்திருக்கிறது!

நிமிர்ந்து பார்த்தால் செல்ஹர்ஸ்ட். நான் இறங்க வேண்டிய தோர்ண்டன் ஹீத் எப்போதோ போய்விட்டது. இறங்கி, எதிர்ப்பக்க மேடையில் நின்றுகொண்டு, அந்த அறுந்த இடங்களையே திரும்பத் திரும்பக் கேட்டேன். மழை தூறியதா, அந்த ஒலிப்பதிவுக்குள்தான் தூறியதா என்று இப்போது சொல்லத் தெரியவில்லை.

எங்கள் வீட்டில் ம் கொட்டாமல் யாரும் எதையும் கேட்டதில்லை. அம்மா யாழ்ப்பாணத்துப் பெரியம்மாவோடு கதைக்கும்போது பாதி நேரம் “ம்… ம்… ஓமோம்… பிறகு?” என்றுதான் இருக்கும். இரண்டு மூச்சுக்கு ம் வராவிட்டால் அந்தப் பக்கத்திலிருந்து பெரியம்மா கத்துவார்: “ஹலோ! லைனில நிக்கிறியே?”

அடுத்த நாள் திரையில் அவளிடம் இதைச் சொன்னேன். அவளுக்கு அப்போதுதான் விடிந்திருந்தது. பின்னால் ஜன்னல் முழுக்க வெள்ளை வெளிச்சம், ஏரி எங்கே முடிகிறது, வானம் எங்கே தொடங்குகிறது என்று தெரியாத வெள்ளை. நாங்கள் பேசுவது ஆங்கிலம். ஆனால் அவளுடைய ‘யூ’ எனக்கு ‘நீர்’ என்றுதான் கேட்கும். நீயும் இல்லை, நீங்களும் இல்லை.

“நான் உமக்குள்ள ஒரு தவளை இருக்கெண்டு நினைச்சன்,” என்றாள்.

“ஏன் முதலே சொல்லேல்லை?”

“தவளை உம்மட குடும்பத்து ஆளோ என்னவோ. எப்பிடிச் சொல்லுறது?”

சிரித்து முடித்த பிறகு அவள் வெகுநேரம் ஒன்றும் சொல்லவில்லை. நானும் நாக்கைக் கடித்துக்கொண்டு இருந்தேன். அப்போதுதான் தங்கையைப் பற்றிச் சொன்னாள்.

அவளுடைய தங்கைக்கும் இந்த வேலைதான் வேண்டும். ஆனால் இப்போதிருக்கிற பழைய பயிற்சியின் செய்முறைத் தேர்வில் இரண்டு முறை தோற்றுவிட்டாள். காரணமாக எழுதியிருந்தது ஒன்றே ஒன்று: கேட்பதற்கான அடையாளங்களைக் காட்டவில்லை. தலையாட்டவில்லை, ம் சொல்லவில்லை, எதிரில் இருப்பவர் சொன்னதைத் திருப்பிச் சொல்லவில்லை. அவர்கள் ஊரில் ஒருவர் பேசும்போது வாய் திறவாமல் இருப்பதுதான் கேட்பது. வசந்தத்தில் எங்கள் புதிய பாடத்தின் தேர்வு வரும். அதுவரைக்கும் அந்த வேலையை யாருக்கும் கொடுக்காமல் வைத்திருக்கிறார்கள். அதிலும் தோற்றால் நகரத்திலிருந்து யாரோ ஒருவர் வருவார்.

“காரில வருவார், பொழுதுபட முதல் காரில போயிடுவார்,” என்றாள். “எந்த வீட்டில எந்த மாமி பிள்ளையை வைச்சுப் பாப்பா எண்டு அவருக்கு என்ன தெரியும்?”

நான் எங்கள் வரைவைத் திறந்து பார்த்தேன். தலையாட்டல், ம், திருப்பிச் சொல்லல். அதே மூன்றும் எங்கள் மதிப்பெண் தாளிலும் இருந்தன. எல்லாப் பாடத்திட்டத்திலும் அவை இருக்கும், மேசைக்குக் கால் இருப்பதைப் போல.

மூன்றையும் அழித்துவிட்டு, அமைதியாகக் கேட்டால் முழு மதிப்பெண் என்று எழுதிக்கொண்டு போய் என் மேலதிகாரியிடம் நீட்டினேன். அவர் மலேசியத் தமிழர், படிக்க வந்து இங்கேயே தங்கிவிட்டவர், பேச்சின் கடைசியில் அந்த ஊர் ‘லா’ மட்டும் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கும். வாசித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

“தலைய ஆட்டுனா கண்ணுக்குத் தெரியும்மா, மார்க் போடலாம். சும்மா உக்காந்திருக்கிறதுக்கு எப்படி மார்க் போடுவ?”

“சும்மா இல்லை சேர், அந்த ஆக்கள் கேட்டுக்கொண்டு இருக்கினம்.”

“அப்ப தூங்கிட்டு இருக்கிறவனும் பாஸா லா?”

அவர் கேட்டது சரி. வெள்ளிக்கிழமைக்குள் வேறு வழி கொண்டு வராவிட்டால் பழைய மூன்றும் திரும்ப வந்துவிடும் என்றார்.

வீட்டுக்கு வந்ததும் ஒரு சோதனை செய்தேன். அம்மா வேலை செய்கிற கடையில் அன்று ஒரு ஆள் முருங்கைக்காயை உடைத்து உடைத்துப் பார்த்துவிட்டு வாங்காமலே போனாராம். அம்மா வெங்காயம் வெட்டிக்கொண்டே அதைச் சொல்லத் தொடங்கினார். நான் கதவு நிலையில் சாய்ந்து, வாயை மூடிக்கொண்டு, முழு மனதாகக் கேட்டேன். உண்மையாகவே கேட்டேன். சமையலறையில் நீராவி மெல்ல எழுந்து ஜன்னலில் படிந்தது, அம்மாவின் குரல் அதற்குள்ளிருந்து வருவது போல இருந்தது. கடையும், முருங்கைக்காய் முறிகிற சத்தமும், அந்த ஆளின் ஈரக் குடையும் எனக்குத் தெரிந்தன. இவ்வளவு தெளிவாக நான் அம்மாவைக் கேட்டதே இல்லை.

கத்தி நின்றது.

“என்ன பிள்ளை, நான் சுவரோடையே கதைக்கிறன்?”

“கேட்டுக்கொண்டுதான் அம்மா நிக்கிறன்.”

“எங்க கேட்டனி? கொம்பியூட்டரை நினைச்சுக்கொண்டு நிக்கிறாய்.”

குடை வரைக்கும் எல்லாவற்றையும் ஒப்புவித்தேன். அம்மாவுக்கு இன்னும் கோபம் கூடியது.

“நீ கேட்டது உனக்குத் தெரியும். எனக்கு எப்பிடித் தெரியும்? சொல்லுறவளுக்கல்லோ தெரியவேணும்!”

நான் அம்மாவைக் கட்டிப்பிடித்தேன். “விடு, விடு, கையில கத்தி,” என்று தள்ளினார். மாடிக்கு ஓடினேன்.

மேலதிகாரியின் கேள்விக்குப் பதில் அங்கே இருந்தது. கேட்டாரா இல்லையா என்பது மூலையில் உட்கார்ந்து தாளில் கோடு போடுகிறவருக்குத் தெரியாது. சொன்னவருக்குத் தெரியும். தூங்குகிறவரிடம் யாரும் தங்கள் பிள்ளையின் கதையைச் சொல்லி முடிக்க மாட்டார்கள். ஆகவே கதை சொன்னவரே மதிப்பெண் போடட்டும். ம்மும் வேண்டாம், அமைதியும் வேண்டாம், எதுவும் சட்டம் இல்லை. ஏரிக்கரை வீட்டில் வாய் மூடியிருக்க வேண்டும். எங்கள் வீட்டில் மூடினால் கத்தி நிற்கும். இந்த வீட்டில் எப்படிக் கேட்பது என்று கண்டுபிடிப்பதுதான் பணியாளரின் முதல் வேலை.

அவளை அழைத்து முழுவதையும் கொட்டினேன். பிறகு, ம் வெளியே வராதபடி ஒரு டொஃபியைப் போட்டு வாயை மூடினேன்.

நெடுநேரம் ஒன்றும் இல்லை. ஒன்றும் இல்லை என்று முன்பு நினைத்திருப்பேன். இப்போது அதற்குள் ஒரு கேத்தல் கொதித்து அடங்கியது. எங்கோ ஒரு நாய் ஒருமுறை குரைத்தது. யாரோ எழுந்ததில் ஒரு கதிரை தரையில் உரசி நகர்ந்தது. வெளிச்சம் அவள் கன்னத்தில் கொஞ்சம் இடம் மாறியது. என் டொஃபி கரைந்து முடிந்தது. தோர்ண்டன் ஹீத்தில் இருக்கிறேனா, அந்த ஜன்னலோரத்தில் இருக்கிறேனா என்பது கூட மறந்துவிட்டது.

“ஓம்,” என்றாள். ஆங்கிலத்தில் இல்லை. என் ஓம், அப்படியே.

வெள்ளிக்கிழமை மேலதிகாரி தாளைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார். “கஸ்டமர் சர்வே மாதிரி இருக்கு லா,” என்றார். பிறகு, “சரி, ஒரு தடவ செஞ்சு காட்டு. அந்தத் தங்கச்சியவே கேக்க வை. ஆனா கதைய சொல்லி மார்க்க அக்கா போடக்கூடாது, நீயும் போடக்கூடாது. சம்பந்தமே இல்லாத ஒரு ஆளு வேணும். சரியா வந்தா இதையே தேர்வுல வச்சிக்கலாம். வரலன்னா பழசுதான்.”

சம்பந்தமே இல்லாத ஆள் எங்கள் வீட்டில் சோற்றை வடித்துக்கொண்டிருந்தார்.

“நானோ?” என்றார் அம்மா. “நான் என்னத்தைக் கதைக்கிறது?”

“உண்மையா ஒரு கவலை சொல்லுங்கோ. அந்தப் பிள்ளை கேக்கும்.”

“இங்கிலீசிலயோ?”

“உங்கட இங்கிலீஷே போதும்.”

அம்மா யோசித்தார். “உன்னைப் பற்றித்தான் சொல்லவேணும். வேற என்ன கவலை எனக்கு?” பிறகு, அகப்பையை வைத்துவிட்டு, “நான் மார்க் குறைச்சுப் போட்டால் அந்தப் பிள்ளைக்கு வேலை இல்லையோ?” என்றார்.

“உங்களுக்கு எப்பிடி இருந்ததோ அப்பிடிப் போடுங்கோ. பாவம் பார்க்கக்கூடாது.”

“ம்,” என்றார்.

ஒத்திகை வருகிற ஞாயிறு பிற்பகல், அவர்களுக்கு விடிந்த பிறகு. அம்மா இப்போதே வடைக்குப் பருப்பு ஊறப்போடுவதைப் பற்றிப் பேசுகிறார், திரைக்குள் இருக்கிற ஆளுக்கு எப்படிக் கொடுப்பது என்று கேட்டால் முறைக்கிறார். தங்கையிடமிருந்து நேற்று ஒரு செய்தி வந்தது: உம்முடைய அம்மாவிடம் முதலில் என்ன கேட்கலாம்? எனக்கு விரல் துடித்தது. ஒரே ஒரு எழுத்து அனுப்பினால் போதும், ஒரு மெய்யெழுத்து. அனுப்பவில்லை. அதை அவளே அம்மாவிடமிருந்து கண்டுபிடிக்க வேண்டும்.

முன்னறையில் மேசைமேல் கணினியை வைத்து, அம்மாவை எதிரில் இருத்தி, திரையில் படாத மூலையில் நான் உட்காரப்போகிறேன், டொஃபிப் பையோடு. அந்த வெள்ளை வெளிச்சம் எங்கள் சுவரில் விழும். அம்மா தொடங்குவார், கொஞ்சத் தூரம் போவார், ஓரிடத்தில் நிறுத்திவிட்டுத் திரையைப் பார்ப்பார். அந்த இடத்தில் தங்கை என்ன செய்வாள் என்று எனக்குத் தெரியாது. என்ன நடந்தாலும் நான் வாயைத் திறக்கக்கூடாது.