அமாவாசையில் கொடுத்த கூலி

மாதம் பிறந்து பாதி போன பிறகும் என் கணக்கில் அந்தப் பணம் ஏறவில்லை. குடும்பத் தலைவிகளுக்கு என்று அரசாங்கம் மாதாமாதம் போடுகிறதே, அந்தப் பணம். வங்கி இயந்திரத்துக்குள் புத்தகத்தை நுழைத்தால் கரகரவென்று அச்சடித்துத் துப்பும். எனக்கு எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும். ஆனால் எண்ணில் ஏமாற மாட்டேன். வர வேண்டிய பணம் அதில் இல்லை. அடுத்த மாதமும் வரவில்லை.

அது என்ன பெரிய தொகை என்று சிலர் கேட்பார்கள். எனக்குப் பெரிய தொகைதான். பிள்ளையார்பாளையத்தில் ஒற்றை அறையில் தனியாக இருக்கிறேன். வீட்டுக்காரர் போய்ப் பல வருடம் ஆகிறது. மகன் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் கம்பெனி வேலையில் இருக்கிறான், குடித்தனமும் அங்கேயே. நல்ல பிள்ளை, கேட்டால் கொடுப்பான். நான் கேட்க மாட்டேன். வாடகையும் சோறும் என் கைவேலையில் நடந்துவிடும். இரத்தக் கொதிப்புக்கும் சர்க்கரைக்கும் போடுகிற மாத்திரைகள்தான் அந்தப் பணத்தில். அது வந்துகொண்டிருக்கிற வரை நான் யார் வாசலிலும் நிற்க வேண்டியதில்லை, பெற்ற பிள்ளையின் வாசலிலும்.

என் கைவேலை குச்சு கட்டுவது. தறியிலிருந்து இறங்கிய பட்டுப் புடவைக்கு முந்தானை ஓரத்தில் இழைகள் அவிழ்ந்து தொங்கும். அவற்றைப் பிரித்து, முறுக்கி, முடிச்சிட்டு, மணி கோத்து அழகாக்கித் தர வேண்டும். இந்தக் காலத்துக் கல்யாணப் பெண்கள் கைப்பேசியில் ஒரு படத்தைக் காட்டி, இதே மாதிரி வேண்டும் என்கிறார்கள். கட்டிக் கொடுக்கிறோம். இன்னும் வேலை வந்துகொண்டேதான் இருக்கிறது. பெரிய காஞ்சிபுரத்தில் ஒரு பட்டுக் கடை எங்களுக்குப் புடவை அனுப்புகிறது. நான் ஒருத்தி கட்டி மாளாது. எங்கள் தெருப் பெண்கள் நான்கு பேர் என்னோடு வந்து உட்காருவார்கள். கடைக்காரருக்கு ஒரே பெயர், ஒரே வங்கிக் கணக்கு வேண்டும். பான் கார்டு என்னிடம்தான் இருந்தது. அதனால் ஐந்து பேருடைய பணமும் என் பெயரில் வந்து விழும்.

அதை நான் பங்கிட்டுக் கொடுப்பது அமாவாசை அன்று. எங்கள் தெருவில் அன்றைக்குத் தறி ஓடாது. மற்றவர்களுக்கு ஞாயிற்றுக்கிழமை எப்படியோ, நெசவாளிக்கு அமாவாசை அப்படி. தட்டில் வெற்றிலை, பாக்கு, மஞ்சள், இரண்டு வாழைப்பழம் வைத்து, வெற்றிலைக்கு அடியில் பணத்தை மடித்து வைத்து நீட்டுவேன். தாலி இழந்தவள் கையால் தாம்பூலமா என்று அந்த நான்கு பேரில் ஒருத்திகூட முகம் சுளித்ததில்லை. முதல் அமாவாசையிலேயே எதிர்வீட்டுக்காரி, "குடுக்கா, கை நோவுது பாரு ஒனக்கு" என்று தட்டைப் பிடுங்காத குறையாக வாங்கினாள். பணத்தை யாரும் என் முன்னால் எண்ண மாட்டார்கள். கூலி என்ற பேச்சே எங்களுக்குள் கிடையாது. நெசவாளி முதலாளியிடம் கூலி வாங்கலாம், அது தொழில். பக்கத்து வீட்டுக்காரியிடம் கூலி வாங்கினால் அவள் வீட்டு வேலையாள் ஆகிவிட்ட மாதிரி. எங்கள் தெருவில் அப்படித்தான் நினைப்பார்கள்.

நால்வரில் மூத்தவளைக் கோயில் வீட்டுக்காரி என்போம். அவள் புகுந்த வீட்டில் தலைமுறை தலைமுறையாக அம்மனுக்குப் புடவை நெய்து சாத்துகிறார்கள். வீட்டில் வரவு குறைந்துபோய்த்தான் அவள் குச்சு கட்ட வந்தாள். ஆனால் ஊரில் கேட்டால், "பொழுது போவல, போய்க் குந்திக்கினு வரேன்" என்பாள். நாங்களும் ஆமாம் போடுவோம்.

பணம் நின்றது ஏன் என்று கேட்கத் தாலுகா அலுவலகம் போனேன். அங்கிருந்த பிள்ளை கணினியைத் தட்டிப் பார்த்துவிட்டு மரியாதையாகத்தான் சொன்னான்.

"ஒங்க பேர்ல வருமான வரி புடிச்சிருக்காங்கமா. வருமானம் ஜாஸ்தின்னு காட்டுது. அதான் நிறுத்தி வெச்சிருக்குது."

"வரியா? எனக்கா?"

"ஆமாமா. ஒரு ஆடிட்டரைப் பாத்து கணக்கு தாக்கல் பண்ணுங்க. ஒங்க கைல மெய்யா எவ்ளோ நிக்குதுன்னு அதுல தெரியும். கம்மியா இருந்தா அந்த நகலை வெச்சு மேல்முறையீடு போடுங்க. திரும்ப வந்துடும்."

அங்கிருந்து நேரே கடைக்குப் போனேன். கடைக்காரர் நூற்றுக்கு ஒரு ரூபாய் பிடித்துக்கொண்டுதான் கொடுப்பார், அது எனக்குத் தெரியும். பட்டுக் கடைகளில் கோயில் தருமத்துக்கு மகமை என்று கொஞ்சம் எடுத்து வைப்பது பழைய வழக்கம். இதுவும் மகமைதான் என்று நான் இத்தனை நாளாக நினைத்திருந்தேன். சாமிக்குப் போகிறது, போகட்டும் என்று சந்தோஷமாகக்கூட இருந்தேன்.

நான் இதைச் சொன்னதும் கடைக்காரர் தலையில் கை வைத்துக்கொண்டார். "மகமை இல்லமா, அது டிடிஎஸ். ஒங்க பேர்ல வரியா கட்டறோம். ரசீது குடுத்தேனே!"

ரசீதை நான் சாமி படத்துக்குப் பின்னால் செருகி வைத்திருந்தேன்.

தெருவில் விஷயம் பரவியதும் எதிர்வீட்டுக்காரி வாசலில் நின்று கத்தினாள். "இன்னாக்கா, வருமான வரி கட்ற மொதலாளி ஆயிட்டியாமே! காரு எப்போ வாங்கப் போற?"

"மொதல்ல ஒன் வாய்க்கு ஒரு பூட்டு வாங்கறேன்" என்றேன். உள்ளுக்குள் கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது, பொய் சொல்வானேன். மாத்திரை அட்டை காலியானதும் பெருமை இறங்கிவிட்டது.

ஆடிட்டர் ஒரு பெண். காமாட்சியம்மன் கோயிலுக்குப் போகிற வழியில், ஒரு மருந்துக் கடைக்கு மேலே மாடியில் இருந்தார். படி செங்குத்து என்பதால் எதிர்வீட்டுக்காரி துணைக்கு வந்தாள். ஆடிட்டர் அம்மாவுக்கு நாற்பது வயது இருக்கும். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு என்னைப் பார்த்துக் கேட்டார்.

"கடையிலேர்ந்து ஒங்களுக்கு வந்த பணமெல்லாம் இங்க தெரியுதும்மா. இதுல செலவு என்னென்ன, ஒவ்வொண்ணா சொல்லுங்க."

"எனக்கு இன்னாமா செலவு? ஒண்டி ஆளு."

"வீட்டுச் செலவு இல்ல. இந்த வேலைக்குன்னு ஆகுற செலவு. நூல், மணியெல்லாம் யார் வாங்கறது?"

"நான்தான். போயும் போயும் மணிக்குப் போய்க் கடைக்காரரைக் கேப்பாங்களா?"

"அது செலவு. புடவைய எப்படிக் கொண்டு வருவீங்க?"

"ஆட்டோதான். பட்டு மூட்டையத் தூக்கிக்கினு பஸ்ல போவ முடியுமா?"

"அதுவும் செலவு. வேலை பாக்கற எடத்துல லைட்டு, ஃபேன்?"

இப்படியே கேட்டுக்கொண்டு போனார். முன்பின் தெரியாத ஒருவர் முன்னால் சுருக்குப் பையைக் கவிழ்த்துக் காட்டுகிற மாதிரி எனக்குக் கூச்சமாக இருந்தது. என் செலவை நான் யாரிடமும் சொல்லிப் பழகியதில்லை. சொன்னால் இல்லாமையைச் சொல்கிற மாதிரி. அது எனக்கு ஆகாது. அதை அவர் கண்டுகொண்டார் போலிருக்கிறது. பேனாவை வைத்துவிட்டுச் சொன்னார்:

"வேலைக்காகப் போன காசு ஒங்க வருமானமே இல்லம்மா. அதக் கழிச்சுட்டு மிஞ்சறதுதான் வருமானம். பெரிய பெரிய கம்பெனிக்காரங்க குடிக்கற டீயக்கூட கழிக்கறாங்க. நீங்க ஏன் வெக்கப்படறீங்க?"

எனக்கு அது சரியாகப் பட்டது. அடுத்த கேள்வியில்தான் இடறியது.

"கூட வேலை செய்யறவங்களுக்கு மாசம் கூலி எவ்ளோ குடுக்கறீங்க?"

நிமிர்ந்து உட்கார்ந்தேன். "நான் யாருக்கும் கூலி குடுக்கறதில்லமா."

"அப்போ இத்தனை புடவையும் நீங்க ஒருத்தரேவா கட்டறீங்க?"

"நாலு பேர் கூட இருக்காங்க."

"அவங்களுக்கு?"

"அமாவாசைக்கு வெத்தல பாக்கு வெச்சுக் குடுப்பேன்."

"பணம்?"

"அது எங்களுக்குள்ள."

அவர் சிரிக்கவில்லை. பொறுமையாக விளக்கினார். "கூலி குடுத்தது கணக்குல வந்தா, ஒங்க கைல நிக்கறது கொஞ்சம்தான். அரசாங்கப் பணம் திரும்ப வந்துடும். யாருக்கும் குடுக்கலன்னா வந்தது பூரா ஒங்களுக்கே மிஞ்சினதுன்னுதான் நான் எழுதணும். அப்போ அந்தப் பணம் வராது. அந்த நாலு பேரும் இங்க வந்து, கூலி வாங்கினோம்னு சொல்லிக் கையெழுத்துப் போட்டா போதும்."

பக்கத்தில் எதிர்வீட்டுக்காரி வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தாள். அவள் அப்படி இருந்து நான் பார்த்ததில்லை.

"அவங்க வர மாட்டாங்கமா. நானும் கூப்ட மாட்டேன்" என்று எழுந்துவிட்டேன்.

திரும்பும்போது ஆட்டோவில் எதிர்வீட்டுக்காரி வெளியே பார்த்துக்கொண்டே வந்தாள். அவள் காதுபட ஒருவர் அவளைக் கூலிக்காரி ஆக்கிவிட்டாரே, மனசு நொந்துவிட்டது என்று நினைத்தேன். எனக்கும் மனசு ஆறவில்லை. கோயில் வீட்டுக்காரியை மாடிப்படி ஏற்றி, நான் இவளிடம் கூலி வாங்குகிறேன் என்று சொல்லச் சொல்வதா? மாத்திரைக்காகவா? அந்த வாரத்திலிருந்து மாத்திரையை ஒரு நாள் விட்டு ஒரு நாள் போட ஆரம்பித்தேன். தலை கிறுகிறுத்தது. முடிச்சு இரண்டு தரம் தப்பி, அவிழ்த்துக் கட்டினேன். மகனிடம் கேட்டுவிடலாம் என்று போனை எடுத்தேன், வைத்துவிட்டேன்.

அமாவாசை வந்தது. தறிச் சத்தம் இல்லாததால் தெரு அமைதியாக இருந்தது. நான் குளித்துவிட்டுத் திரும்பி வந்து பார்க்கிறேன், நான்கு பேரும் என் வாசலில் நிற்கிறார்கள். எல்லாரும் நல்ல புடவை கட்டியிருந்தார்கள். கோயில் வீட்டுக்காரி தலை நிறையப் பூ வைத்திருந்தாள்.

"கெளம்பு" என்றாள் எதிர்வீட்டுக்காரி.

"எங்கடி?"

"ஆடிட்டர் கிட்ட. இன்னிக்கு வரலாமான்னு நானே போய்க் கேட்டுக்கினு வந்துட்டேன்."

"ஒன்ன யாரு போகச் சொன்னாங்க?"

"யாரு சொல்லணும்? நீ ஒரு நா விட்டு ஒரு நா மாத்திரை முழுங்கறது எங்களுக்குத் தெரியாதா? அட்டையப் பாத்தேன். மயங்கி உழுந்தா ஒன்னத் தூக்க எங்களால ஆவாது தாயே, கனமா இருக்க."

நான் கோயில் வீட்டுக்காரியைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்க்காமல் ஆட்டோவைப் பார்த்துக்கொண்டு, "வெயிலு ஏறுது, சட்டுனு வா" என்றாள்.

மாடியில் நாற்காலி போதவில்லை. கோயில் வீட்டுக்காரியை உட்கார வைத்துவிட்டு நாங்கள் நின்றோம். ஆடிட்டர் அம்மா ஒவ்வொருவரையும் கேட்டார். எதிர்வீட்டுக்காரி "கூலிதாங்க" என்றாள். மற்ற இருவரும் அப்படியே சொன்னார்கள். கடைசியில் கோயில் வீட்டுக்காரி முறை. நான் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டு நின்றேன், அவள் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை.

அவள் முந்தானையைச் சரிசெய்துகொண்டு, கணீரென்று சொன்னாள்.

"நான் இவங்க கிட்ட கூலிக்குத்தான் வேலை செய்யறேன். மாசா மாசம் கூலி வாங்கறேன். கம்மியாத்தான் குடுக்கறாங்க, அதையும் சேத்து எழுதிக்கோங்க."

ஆடிட்டர் அம்மா முதலில் சிரித்தார், அப்புறம் எல்லாரும். நானும்தான் சிரித்தேன், சிரிக்கும்போதே கண்ணில் தண்ணீர் கொட்டிவிட்டது. அவள் கையெழுத்துப் போடும்போது கை நிதானமாக இருந்தது. எங்கள் நால்வர் எழுத்தையும்விட அழகான எழுத்து.

எழுதி முடித்ததும், நான் ஆடிட்டர் அம்மாவிடம் பீஸ் எவ்வளவு என்று கேட்டேன். பாதி கொடுங்கள், போதும் என்றார். தருமம் எனக்கு வேண்டாம், முழுசாகத்தான் கொடுப்பேன் என்றேன். கொடுத்துவிட்டு, "இதுவும் வேலைக்கான செலவுதானேமா? எழுதிக்கோங்க" என்றேன்.

அவர் கண்ணாடியை இறக்கி என்னை நன்றாகப் பார்த்தார். "அடுத்த வருஷம் நீங்களே கணக்கு போட்டுடுவீங்க போல இருக்கே" என்றார்.

மேல்முறையீட்டுக்கு இரண்டு தரம் அலைந்தேன். அந்தத் தாலுகா அலுவலகத்துப் பிள்ளையே எழுந்து வந்து காகிதங்களை வாங்கிக்கொண்டான், அவனும் நன்றாக இருக்கட்டும். கடையில் பிடித்திருந்த வரி முதலில் திரும்பி வந்தது. அது ஐந்து பேருக்கும் சேர வேண்டிய காசு, பிரித்துக் கொடுத்தேன். பிறகு ஒரு காலையில், ஐந்து பேரும் உட்கார்ந்து கட்டிக்கொண்டிருக்கும்போது கைப்பேசி சத்தம் போட்டது. எழுத்துக் கூட்டிப் படித்தேன். மாதப் பணம் ஏறிவிட்டது.

நான் அவர்களிடம் ஏதாவது சொல்ல வேண்டும் என்று வெகுநாளாக நினைத்திருந்தேன். உங்கள் கௌரவத்தை எனக்காகக் கீழே வைத்தீர்களே என்று சொல்ல நினைத்தேன். தொண்டையைச் செருமிக்கொண்டேன்.

"வந்துட்டுதா?" என்றாள் கோயில் வீட்டுக்காரி, முடிச்சிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"வந்துட்டுது. நான் இன்னா சொல்ல வரேன்னா..."

"ஒண்ணும் சொல்ல வேணாம். மொதல்ல மருந்துக் கடைக்குப் போய்ட்டு வா. பச்ச மணி தீந்துபோச்சு, வரும்போது வாங்கிக்கினு வா. பில்லு கேட்டு வாங்கு, மறந்துடாத."

சரி என்று செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினேன்.