சீனச் சாமிக்கு ஒரு கதிரை

எனக்குக் கோர்வையா எழுத வராது, அஞ்சாம் வகுப்போடை நிண்டது, இப்ப மறதியும் கூட, பிழையிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கோ. சாமி வந்தது, பேய் நிண்டது எண்டு ஆரும் கதைச்சால் நான் எழும்பிப் போற ஆள். ஆனால் இது எனக்கே நடந்தது.

என்ரை மனுசன் சூரிச்சிலை ஆஸ்பத்திரியிலை கிடந்தார். நெஞ்சு ஒப்பரேசன் முடிஞ்சு கண் முழிச்சவர், ஆனால் ஒரு வாய் சாப்பாடு எடுக்கேல்லை, கதைக்கவுமில்லை, சுவரையே பார்த்தபடி. இப்பிடியே போனால் உடம்பு தாங்காது எண்டு டொக்டர் சொல்லிப்போட்டார். என்னோடை முந்திக் கிளீனிங் வேலை செய்த லின் எண்ட சீன மனுசிதான், எங்கடை கோயிலுக்கு வா எண்டு லாங்ஸ்ட்ராசப் பக்கம் ஒரு பழைய கட்டிடத்தின்ரை மேல்மாடிக்குக் கூட்டிக்கொண்டு போனா. தாவோ எண்ட சீனச் சமயக் கோயிலாம். அவவின்ரை பாட்டன் காலத்திலை சீனாவிலையிருந்து இஞ்சை சமையல் வேலைக்கு வந்த ஆக்கள் கொண்டுவந்து வைச்ச சாமியாம். புகை பிடிச்சுக் கறுத்த மரச்சாமி, நீளத் தாடி, முன்னாலை தோடம்பழம், ஒரு சட்டி நிறையச் சாம்பல்.

சாம்பலைக் கண்டால் எங்கடை கை சும்மா இருக்குமோ. மூண்டு விரலாலை எடுத்து நெத்தியிலை பூசி, கொஞ்சம் வாயிலையும் போட்டிட்டன். லின் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறா.

"அது ஊதுபத்திக் குச்சி எரிஞ்ச சாம்பல். பசிக்குதெண்டால் சொல்லு, நூடில்ஸ் வாங்கித் தாறன்."

எனக்கு வெக்கமாப் போச்சு. எண்டாலும் அவ அங்காலை திரும்ப, மனுசனுக்கும் கொஞ்சம் ரிஷூப் பேப்பரிலை மடிச்சு எடுத்திட்டன்.

பின்னேரம் போய் அவரின்ரை நெத்தியிலை பூசினன். அறையிலை நாங்கள் ரெண்டு பேரும்தான். அவர் என்ரை தோளுக்குப் பின்னாலை பார்த்தார்.

"என்னப்பா, வந்த மனுசனை நிக்க வைச்சிருக்கிறாய். கதிரையைக் குடு."

"ஆருக்கப்பா?"

"தாடிக்கார ஐயாவுக்கு. உனக்குக் கண் தெரியேல்லையோ?"

கோயிலைப் பற்றி நான் அவருக்கு ஒரு சொல் சொல்லேல்லை. நம்பினால் நம்புங்கோ, கதிரையை இழுத்து வைச்சன், அதின்ரை மெத்தை மெல்லமாப் பதிஞ்சுது. "அவருக்கும் போடு" எண்டு சொல்லிப்போட்டு, நான் கொண்டுபோன சோத்தை இவர் சாப்பிடத் துவங்கினார்.

இப்ப வீட்டிலை நல்லாயிருக்கிறார், உப்புக் கூட எண்டு கொழுவுறார். அண்டைக்கு நடந்தது ஒண்டும் ஞாபகமில்லை, சொன்னால் உனக்கு விசர் எண்டு சிரிக்கிறார். ஆனால் சாப்பிடேக்கை தனக்குப் பக்கத்துக் கதிரையிலை மட்டும் ஒருத்தரையும் இருக்க விடுறேல்லை. ஏனெண்டு கேட்டால் அவருக்கே தெரியேல்லை.

லின் சீனாவுக்குத் திரும்பிப் போயிட்டா. அந்தத் தாடிச்சாமியின்ரை பேர் என்ன, அவருக்கு என்ன படைக்கிறவை எண்டு விசயம் தெரிஞ்ச ஆரும் விசாரிச்சுச் சொல்லுங்கோ. அந்தக் கதிரைக்கு முன்னாலை நான் இவ்வளவு நாளும் சோறும் மரக்கறியும்தான் வைக்கிறன். மீன் ஆகுமோ தெரியேல்லை.